சினைப் போவாவும் கத்திரி வெயிலும்

தாம்பரம்
ஏப்ரல் 14

அன்புள்ள சேகர்,

உன் சினைப் போவாப் பாம்பின் படங்கள் கிடைத்தன. வயிற்றை நாலு கோணத்தில் எடுத்து அனுப்பி, "குட்டிகள் நல்லா இருக்கா?" என்று கேட்டிருக்கிறாய். வீக்கத்தைப் பார்த்து அதைச் சொல்ல முடியாது. போவா முட்டையை வெளியே இடாமல் வயிற்றிலேயே வளர்த்துக் குட்டியாக ஈனும் பாம்பு; முழுக்கக் கூமுட்டை (கரு சேராத முட்டை) சுமக்கிற போவாவும் இப்படித்தான் உப்பும், இரையைத் தொடாது, சூட்டுப் பக்கமே கிடக்கும். பின்னுடம்பைப் புரட்டி அடிவயிற்றை மேலே காட்டிக் கிடப்பதும் சினைப் பாம்பின் வழக்கம்தான். பயப்படாதே. அழுத்திப் பார்த்து எண்ணும் வேலை மட்டும் வேண்டாம். உள்ளே இருப்பவை நசுங்கிவிடும்.

எனக்கு உதவியது நீ போகிறபோக்கில் எழுதிய தேதி. மார்ச் 25 சட்டை உரித்தது, அதற்கு இரண்டு மூன்று வாரம் முன்பு, பெரிய எலியை விழுங்கியதுபோல நடு உடம்பு ஓரிரு நாள் வீங்கி வடிந்தது என்கிறாய். அந்த வீக்கத்தில் கருமுட்டை வெளியேறியிருக்கிறது. அதற்குப் பிந்திய சட்டை இது. இந்தச் சட்டை உரித்த நாளிலிருந்து எண்ணு: பெரும்பாலும் 105 நாளை ஒட்டி ஈனும், 100 முதல் 120 வரை போகலாம். ஆக ஜூலை 8 வாக்கில். காலண்டரில் எழுதி வை.

இந்தக் கணக்கில் ஒரு சங்கடம். கத்திரி வெயில் மே 4-இல் தொடங்கி 28 வரை. குட்டிகள் பாதி வளர்ந்த நிலையில் இருக்கும்போது சென்னையே அடுப்பாகும். இணையத்தில் படிப்பதெல்லாம் குளிர் நாட்டுக்காரர்கள் எப்படிச் சூடேற்றுவது என்று எழுதியவை; உன் பாடு எப்படிக் குறைப்பது என்பதுதான். சூட்டுப் பக்கம் 31-32 டிகிரி, குளிர்ந்த பக்கம் 26-27. 34-ஐத் தாண்ட விடாதே. அதிகச் சூடு முதுகெலும்பு கோணலையும் கண் குறைபாட்டையும் தரும். அறையே 35-ஐத் தொடும் மதியங்களில் ஹீட் மேட்டை (பெட்டியைச் சூடாக்கும் மின் விரிப்பு) அணைத்துவிடு. சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டின் சென்சார் பாம்பு படுக்கும் இடத்திலேயே இருக்கட்டும். கண்ணாடிக்கு வெளியே ஒட்டினால் அது காட்டும் எண்ணுக்கு அர்த்தமில்லை. டெம்பரேச்சர் கன் வைத்துத் தோல்மேலும் அடித்துப் பார்.

ஏசியை 27-28-இல் வை, காற்று பெட்டிமேல் நேராக விழாமல் திருப்பிவிடு. ஏசி ஓடினால் ஈரப்பதம் இறங்கும். நனைத்த பாசி ஒரு மூலையில் இருந்தால் 60-70 சதவீதம் நிற்கும். மின்வெட்டு வந்தால் இன்வெர்ட்டர் ஏசியைத் தாங்காது. தண்ணீர் பாட்டில்களை உறைய வைத்துத் துண்டில் சுற்றி, பெட்டியின் குளிர்ந்த பக்கத்துக்கு வெளியே சாய்த்து வை.

ஸ்கேனுக்கு மே இரண்டாம் வாரம் போ. வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியில் கேட்டுப் பார். செதில் இடுக்கில் காற்று நின்றால் படம் கறுத்துப்போகும், ஜெல்லைத் தாராளமாகத் தடவச் சொல். உயிருள்ள கருவில் இதயம் துடிப்பது தெரியும். கூமுட்டை ஒரே சீரான திட்டாக, அசைவில்லாமல் தெரியும். இரண்டு இடத்தில் ஏமாறலாம். தாயின் பெருந்தமனியும் துடிக்கும். அதைக் குட்டியின் இதயமென்று எண்ணிவிடுவார்கள். அடுத்தது, ஏசி காரில் போய் ஏசி அறையில் காத்திருந்தால் பாம்பு குளிர்ந்து, கருவின் துடிப்பும் மந்தமாகும். "பலவீனமா இருக்கு" என்று யாராவது சொன்னால் முதலில் உடல்சூட்டை அளக்கச் சொல். எத்தனை குட்டி என்று கேட்காதே, ஸ்கேனில் எண்ணிக்கை தவறும். எக்ஸ்ரேவுக்கு எலும்பு இறுகியிருக்க வேண்டும். ஜூன் பாதிக்கு முன் எடுப்பது காசுக்குக் கேடு.

இரை எடுக்காததற்காக டாக்டரிடம் ஓடாதே. ஓட வேண்டியது இவற்றுக்கு: கழிவுத்துளையில் நாற்றமடிக்கும் கசிவு, ரத்தம், வாய் திறந்து மூச்சு விடுவது, உடம்பு தொய்வது, 125 நாளைக் கடந்தும் ஈனாதது, ஈனத் தொடங்கி நடுவில் நின்றுபோவது. இடையில் ஓரிரு கூமுட்டை வெளியே வந்தால் மட்டும் எல்லாம் போச்சென்று நினைக்காதே. மீதி நன்றாக இருக்கலாம்.

ஜூன் கடைசியில் பெரிய தண்ணீர்த் தொட்டியை எடுத்துவிட்டு ஆழமில்லாத தட்டு வை, குட்டிகள் மூழ்கிவிடும். பிறந்தவை சவ்வைக் கிழிக்கத் தடுமாறினால் தலைப்பக்கம் மட்டும் மெதுவாகக் கிழித்துவிடு. தொப்புள் கொடியை வெட்டாதே. மஞ்சள் கரு ஒட்டியிருந்தால் ஈரமான டிஷ்யூ பேப்பர்மேல் தனியாக விட்டுவிடு, உறிஞ்சிக்கொள்ளும்.

அன்றைக்கே தரம் பிரித்து எண்ணி எழுதி வை. எதையும் பார்க்காமல் குப்பையில் போடாதே, உண்மையான பதில் அங்கேதான் கிடைக்கும். கெட்டியான மஞ்சள் உருண்டைகள் மட்டுமென்றால் கரு சேரவே இல்லை; ஆணையும் சேர்க்கைக் காலத்தையும் பார், தாய் கொழுத்திருந்ததா என்றும் பார். பாதி உருவானவை இருந்தால் இடைக்கால வெப்பநிலையைச் சந்தேகி. முழுதாக வளர்ந்து செத்துப் பிறந்தவை கடைசி வாரங்களின் சூடோ குளிரோ, இல்லை ஈனத் தாமதமானதோ. கோணல் முதுகுக்குச் சூட்டை மட்டும் குற்றம் சொல்ல முடியாது, பரம்பரையும் உண்டு. நிறையக் கூமுட்டைக்கு நடுவே நாலைந்து பெண் குட்டி மட்டும் வந்தால் ஆண் சேராமலே பிறந்தவையாகக்கூட இருக்கலாம். போவாவில் இப்படி நடப்பதை 2010-இல் ஆய்வாளர் வாரன் பூத் குழு மரபணுச் சோதனையில் காட்டியது.

குட்டிகள் ஒன்றிரண்டு வாரத்தில் முதல் சட்டை உரிக்கும், அதற்குப் பிறகுதான் இரை. தாய்க்கும் முதலில் சின்ன எலியாகக் கொடு. தாயை மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிந்திருப்பாய். குட்டிகள் பிறந்ததையும் அங்கே தெரிவிக்க வேண்டும், 2024 விதிகளின்படி. யாருக்காவது கொடுப்பதற்கு முன்பே அதை முடித்துவிடு.

ஸ்கேன் எடுத்தால் வீடியோவாகவே அனுப்பு. நின்ற படத்தில் துடிப்பு தெரியாது.

அன்புடன்,
ரவி