பூங்காவில் ஒரு மூலை வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்னை மேற்கு மாம்பலத்தில் எங்கள் தெருவையும் அக்கம்பக்கத்துத் தெருக்களையும் சேர்ந்தவர்களுக்குத் தன்னார்வலர்கள் ஏழெட்டுப் பேர் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மாடித்தோட்டம் போடக் கற்றுத் தருகிறார்கள். பணி ஓய்வு பெற்றவர்களும் இல்லத்தரசிகளுமான அவர்கள் இதற்கென ஒரு பைசாகூட வாங்குவதில்லை. அவர்களிடம் கற்றவன் என்ற முறையில் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

தமிழக அரசின் தோட்டக்கலைத் துறை மானிய விலையில் மாடித்தோட்டத் தளைகளை, அதாவது தோட்டம் போடத் தேவையான பொருள்களின் தொகுப்பை, வழங்கி வருவது பாராட்டுக்குரியது. ஆனால் பையும் விதையும் தென்னை நார்க்கழிவும் கைக்கு வந்துவிட்டால் செடி வளர்ந்துவிடும் என்பதில்லை. நான் முதன்முதலில் கடையில் வாங்கிய நார்க்கழிவுக் கட்டியை ஊறவைத்து அப்படியே பையில் நிரப்பி, தக்காளி நாற்றுகளை நட்டேன். பத்தே நாளில் இலை நுனிகள் கருகி, நாற்றுகள் ஒவ்வொன்றாகப் பட்டுப்போயின. நார்க்கழிவில் உப்பு மிகுந்திருக்கும், வடியும் நீரின் செந்நிறம் வெளிறும் வரை பலமுறை அலச வேண்டும் என்பதை அந்த ஞாயிற்றுக்கிழமை வகுப்பில்தான் அறிந்தேன். மண், நார்க்கழிவு, மக்கிய உரம் மூன்றும் சேர்ந்த கலவையை ஓர் அம்மையார் என் உள்ளங்கையில் வைத்து அழுத்திப் பிடிக்கச் சொன்னார். பிடித்தால் உருண்டையாக நிற்க வேண்டும், விரலால் தட்டினால் உதிர வேண்டும், அதுதான் பதம் என்றார். பூசணி பூத்துக் காய்க்காமல் உதிர்கிறது என்று வருந்திய ஒருவரை விடியற்காலையில் வரச் சொல்லி, அடியில் பிஞ்சோடு இருப்பது பெண்பூ, மெல்லிய காம்பில் நிற்பது ஆண்பூ என்று காட்டி, ஆண்பூவின் இதழ்களைக் களைந்துவிட்டு அதன் மகரந்தத்தைப் பெண்பூவில் தொட்டுவைக்கவும் பழக்கினார். துண்டறிக்கையைப் படித்து இந்தக் கைப்பக்குவம் வந்துவிடாது.

இவர்களுக்கு இருக்கும் ஒரே இடர் இடம்தான். இப்போது வகுப்பு ஒரு வீட்டு மொட்டை மாடியில் நடக்கிறது. இருபது பேருக்கு மேல் நிற்க முடியாது என்பதால் வந்தவர்களைத் திருப்பி அனுப்ப நேர்கிறது. அடுக்குமாடிக் குடியிருப்புகளிலோ மாடிக் கதவு பூட்டியே கிடப்பதால், கற்றுக்கொள்ள ஆசைப்படும் வாடகைதாரர்கள் செடி வைக்கும் இடத்துக்கே வழியின்றி நிற்கிறார்கள். ஆகவே மாநகராட்சிப் பூங்காக்களில் ஒரு மூலையை, ஞாயிறு காலை இரண்டு மணி நேரத்துக்கேனும், இத்தகைய தன்னார்வலர்களுக்கு ஒதுக்கித் தருமாறு மாநகராட்சி நிர்வாகத்தை உங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன். வீடுகளில் சேரும் மக்கும் குப்பையை மாநகராட்சியே பல இடங்களில் உரமாக்கி வருகிறது. அந்த உரத்தில் சில மூட்டைகளை வகுப்புக்குக் கொடுத்தால், தாங்கள் பிரித்துக் கொடுத்த குப்பை என்னவாகிறது என்பதை மக்களும் கையால் தொட்டுப் பார்ப்பார்கள். குப்பையைத் தரம் பிரிக்கச் சொல்லி எத்தனை அறிவிப்புகள் செய்தாலும் இதற்கு ஈடாகாது என்பது என் உறுதியான கருத்து.

ஆடிப்பட்டம் ஜூலை நடுவில் தொடங்குகிறது. கலவை தயாரிக்கவும் கத்தரி, மிளகாய் நாற்று விடவும் அதற்கு முன்பே ஒரு மாதமாவது தேவைப்படும் என்பதால், வைகாசி முடிவதற்குள் அனுமதி கிடைத்தால் இந்த ஆண்டுப் பட்டத்தையே பூங்காவில் தொடங்கிவிடலாம்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
மேற்கு மாம்பலம், சென்னை.