அண்ணாச்சியின் அம்மாவுக்கு

அன்புள்ள அம்மாவுக்கு,

வணக்கம். பொங்கலன்று போன் செய்தபோது, வருகிற ஞாயிற்றுக்கிழமை மாரத்தான் ஓடப்போகிறேன், மறைந்த அண்ணாச்சி பேரில் பணம் திரட்டுகிறேன் என்று சொன்னேன். "ஓடினா எப்படிய்யா காசு வரும்?" என்று கேட்டீர்கள். நான் சிரித்து மழுப்பிவிட்டேன். உங்கள் பேத்தி வாசித்துக் காட்டுவாள் என்ற நம்பிக்கையில் இப்போது பதில் எழுதுகிறேன். எல்லோரும் படிக்கிற இடத்தில் எழுதுவதற்குக் காரணம், அண்ணாச்சியைத் தெரிந்தவர்கள் பல ஊர்களில் இருக்கிறார்கள்.

மொய் மாதிரிதான் அம்மா. கல்யாணம் இல்லாத நாளில் வாசலில் நோட்டை விரித்து உட்கார்ந்தால் யார் மொய் எழுதுவார்கள்? இங்கே ஓட்டம்தான் கல்யாணம். மும்பை மாரத்தான் 2004-இல் தொடங்கியது, ஜனவரியில் நடக்கும். தொண்டு நிறுவனங்கள் அதில் பதிந்துகொள்ளும். என்னைப் போன்றவர்கள் ஒரு நிறுவனத்தைத் தேர்ந்துகொண்டு, தெரிந்தவர்களிடமெல்லாம் "ஓடப்போறேன், ஏதாவது போடுங்க" என்று கேட்க வேண்டும். பணம் அந்த நிறுவனத்துக்குப் போய்விடும். போட்டவருக்கு வருமான வரிச் சலுகைக்கான 80ஜி ரசீது வரும். (எங்கள் ஆபீசில் பலர் "புது வரிமுறைக்கு மாறிட்டேன், 80ஜி எனக்குப் பிரயோஜனமில்ல" என்று நழுவப் பார்த்தார்கள். பேங்க்காரர்களிடம் நன்கொடை வாங்குவது தனி வித்தை.)

சரி, பணத்தைப் பேசாமல் கொடுத்துவிட்டுப் போக வேண்டியதுதானே, எதற்கு ஓட்டம் என்று நீங்கள் கேட்கவில்லை. பாளையங்கோட்டையிலிருந்து திருச்செந்தூருக்குப் பஸ் இருக்கும்போதே தைப்பூசத்துக்கு நடந்து போகிறவர் நீங்கள். அது 50 கிலோமீட்டருக்கு மேல். என் தூரம் அதைவிடக் குறைவு.

அண்ணாச்சிக்கு வயிற்றில் கட்டி என்று தெரிவதற்கு முன்னால், மாதக்கணக்காக நாங்கள் அதை வாயு என்று சொல்லி ஓமத்தண்ணி சிபாரிசு செய்துகொண்டிருந்தோம். இன்னும் அது உறுத்துகிறது. பரேலில் டாடா மெமோரியல் புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கு அவர் கீமோவுக்குப் போன நாட்களில் சில முறை நானும் கூடப் போனேன். பீகார், வங்காளம், உத்தரப் பிரதேசம் என்று எங்கெங்கிருந்தோ அங்கே வருகிறார்கள். வைத்தியத்துக்கு வழி பிறந்தாலும் தங்க இடம் கிடைப்பதில்லை. வெளியே நடைபாதையில் பாயை விரித்து, ஸ்கேன் கவரைத் தலைமாட்டில் வைத்துப் படுத்திருப்பார்கள். ஒரு நாள் டாக்ஸியில் ஏறி உட்கார்ந்த அண்ணாச்சி மறுபடி இறங்கினார். கையிலிருந்த இட்லிப் பொட்டலத்தை அங்கே குழந்தையோடு இருந்த ஒரு பெண்ணிடம் கொடுத்துவிட்டு வந்து, "எனக்காவது டோம்பிவிலியில படுக்கக் கட்டில் இருக்கு" என்றார். வீடு வரும்வரை வேறு பேச்சில்லை. நான் தேர்ந்த நிறுவனம் அந்த மாதிரி நோயாளிகளுக்கும் கூட வருகிறவர்களுக்கும் இடமும் சாப்பாடும் தருகிறது.

இன்னொன்றும் உண்டு. அவர் போன பிறகு ஆபீசில் யாரும் அவர் பேச்சை எடுப்பதில்லை. யார் முதலில் எடுப்பது என்ற தயக்கம்தான். அவருடைய நாற்காலி மூன்று வாரம் காலியாகக் கிடந்தது. அப்புறம் யாரோ அதில் பழைய வவுச்சர் கட்டுகளை அடுக்கினார்கள். நான் பணம் கேட்கப் போனபோதுதான் வாய் திறந்தார்கள். "அண்ணாச்சிக்காகவா?" என்று கேட்டுவிட்டு ஆளுக்கொரு கதை சொன்னார்கள். மராத்திக்காரர்களும் அவரை அண்ணாச்சி என்றே கூப்பிட்டது உங்களுக்குத் தெரியுமோ என்னவோ. அவரோடு மூன்று வருஷம் முகம் கொடுத்துப் பேசாத ஓர் அதிகாரி 10,001 ரூபாய் போட்டார். அந்த ஒரு ரூபாயைப் பார்த்துச் சிரித்தேன். மொய்க் கணக்கு அவருக்கும் தெரிந்திருக்கிறது.

அதுவரை நான் ஓடியதெல்லாம் 8:14 லோக்கல் ரயிலைப் பிடிக்கத்தான். போன வருஷம் அரை மாரத்தான், இந்த வருஷம் முழுசு. பயிற்சியைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. விடியற்காலை, வியர்வை, தெருநாய்கள், கறுத்துப்போன ஒரு கால்நகம்.

அன்றைக்கு இருட்டிலேயே சி.எஸ்.டி. ஸ்டேஷன் வாசலில் கிளம்பினோம். பாந்த்ரா-வொர்லி கடல் பாலத்தில் ஓடும்போது விடிந்தது. மற்ற நாட்களில் அதில் நடந்து போக யாரையும் விடமாட்டார்கள். காரில் எத்தனையோ முறை போயிருக்கிறேன். அங்கே அவ்வளவு காற்றடிக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

முதுகில் 'அண்ணாச்சிக்காக' என்று தமிழில் எழுதிய துணியை ஊக்குக் குத்தியிருந்தேன். மாகிமில் தண்ணீர் குடிக்க நின்றபோது பின்னாலிருந்து ஒரு குரல்: "யாருய்யா அந்த அண்ணாச்சி?" தட்டில் ஆரஞ்சுச் சுளைகளோடு ஒரு பாட்டி. தாராவி பக்கத்தில்தானே இருக்கிறது. "திருநெல்வேலி" என்றேன், அதற்கு மேல் எனக்குப் பேச வரவில்லை. "எங்க ஊருதான்" என்று சொல்லி, உனக்கு ரெண்டு, அண்ணாச்சிக்கு ரெண்டு என்று எண்ணி நாலு சுளை கையில் வைத்தார். நாலையும் நானே தின்றேன்.

35 கிலோமீட்டர் தாண்டிய பிறகு பெடர் ரோடு ஏற்றம். அதில் ஓடினேன் என்று எழுத ஆசைதான். கெண்டைக்கால் பிடித்துக்கொண்டு, நடந்தேன். ஓரத்தில் நின்றவர்கள் உப்பும் எலுமிச்சையும் கொடுத்தார்கள்.

மாரத்தான் தூரம் 42 கிலோமீட்டரும் 195 மீட்டரும். அண்ணாச்சி இருந்திருந்தால் "அந்த 195 எங்க இருந்து வந்துச்சு?" என்று கேட்காமல் விட்டிருக்க மாட்டார். 35 பைசா வித்தியாசத்துக்காகக் கடைசி லோக்கல் வரை எங்களை உட்காரவைத்த மனிதர். நான் தேடிப் படித்தேன். 1908 லண்டன் ஒலிம்பிக்கில் விண்ட்சர் அரண்மனையில் ஓட்டத்தைத் தொடங்கி, அரங்கத்தில் ராஜ குடும்பத்தின் மாடத்துக்கு முன்னால் முடித்தார்கள். அந்தத் தூரத்தையே 1921-இல் எல்லோருக்கும் பொதுவாக்கிவிட்டார்கள். கேட்டால் "அதென்ன நியாயம்?" என்றிருப்பார். 42 என்ற பலகையைத் தாண்டியபோது எனக்கும் அதே கோபம் வந்தது. மொத்தம் 5 மணி 47 நிமிஷம்.

மெடலை உங்களுக்குக் கொரியரில் அனுப்பியிருக்கிறேன். பேத்தி போட்டுப் பார்க்கட்டும்.

கணக்கையும் சொல்லிவிடுகிறேன். என் நோட்டில் 143 பேர், 1,86,451 ரூபாய். நிறுவனம் அனுப்பிய பட்டியலில் 142 பேர், 1,86,401. ஐம்பது ரூபாய் இடித்தது. இரண்டு ராத்திரி ஒவ்வொரு வரியாகப் பார்த்தேன். அப்புறம்தான் ஞாபகம் வந்தது: ஆபீசுக்கு டீ கொண்டுவருபவர், போனில் பணம் அனுப்பத் தெரியாது என்று கையில் கொடுத்த நோட்டு. ரயில் பாஸ் உறைக்குள் மடித்து வைத்தபடியே இருந்தது. நேற்று அவர் பேரில் கட்டிவிட்டேன். டேலி ஆகிவிட்டது, அம்மா.

இப்படிக்கு,
அண்ணாச்சிக்குப் பக்கத்து நாற்காலிக்காரன்