முகத்தைக் காட்டாமல் உதவுங்கள்

அன்பு மகளுக்கு,

நீ ரொறன்ரோவில் இருந்து அனுப்பிய, உதவி கேட்கிற யூரியூப் வீடியோவைப் பார்த்தேன். புதுக்குடியிருப்புப் பக்கம் ஒரு தாயும் இரண்டு பிள்ளைகளும். ஏதாவது அனுப்பட்டோ என்று கேட்டிருந்தாய். கட்டாயம் அனுப்பு. ஆனால் அந்த வீடியோவில் என்னென்ன இருக்கிறது என்று ஒருக்கால் திரும்பப் பார், பிள்ளை.

ஒழுங்கை முகப்பில் இருந்து தகரப் படலை வரை எடுத்திருக்கிறார்கள். கதவில்லாத மலசலகூடத்தையும் விடவில்லை. புருசன் இல்லை, இரவில் தனியத்தான் என்று அவள் அழுது சொல்கிறாள். கதை உண்மை என்று காட்ட வங்கிப் புத்தகத்தையும் அடையாள அட்டையையும் கமராவுக்குக் கிட்டப் பிடிக்கிறார்கள். புது அட்டையில் உள்ள 12 இலக்கத்தில் முதல் நான்கும் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்றில் அந்த ஆண்டின் எத்தனையாவது நாளில் பிறந்தவர் என்று இருக்கிறது. பெண் என்றால் அதோடு 500 கூட்டியிருக்கும். கெட்ட எண்ணத்தோடு பார்க்கிறவனுக்கு வேறென்ன வேண்டும்?

மூத்தவளைக் கொண்டு, பள்ளிக்குப் போட சப்பாத்து இல்லை என்று சொல்லவைக்கிறார்கள். அவள் நிமிர்ந்தே பார்க்கவில்லை, கவனித்தாயா? மறுநாள் வகுப்பில் எல்லாருடைய வீட்டுப் போனிலும் அது இருந்திருக்கும். நாளைக்கு வேலைக்கோ கலியாணத்துக்கோ விசாரிக்கிறவர்கள் கையிலும் இருக்கும். தாய் சம்மதித்தாள்தானே என்பார்கள். மலசலகூடத்துக்கு ஒரு கதவு கிடைக்குமா என்று நிற்பவளிடம் வாங்குவது என்ன சம்மதம்?

2009இல் போர் முடிந்த நேரம் செட்டிகுளம் அகதி முகாமில் நாங்களும் போகிற வரிசையெல்லாம் பெயர், விபரம் கொடுத்தோம். எங்களுக்கு வேறு வழி இருக்கவில்லை. அந்தத் தாள்கள் ஏதாவது கந்தோரில் கிடந்து உக்கியிருக்கும். இது உக்காது. போட்டவரே அழித்தாலும் யாரோ வெட்டி ரிக்ரொக்கில் போட்டிருப்பார்கள், வட்ஸ்அப் குழுக்களில் சுற்றிக்கொண்டிருக்கும். தனிப்பட்ட தரவுகளைப் பாதுகாக்க 2022இல் இலங்கையில் சட்டம் நிறைவேறியது உண்மைதான். ஆனால் முறைப்பாடு செய்தால் வருகிற உதவியும் நின்றுவிடும் என்று இந்தத் தாய்மார் வாய் திறக்கமாட்டார்கள்.

உதவி செய்கிறவர்களை நான் குறை சொல்லவில்லை. அப்படி வந்த காசில் கிணறு கட்டிய வீடுகளை எனக்குத் தெரியும். கணக்குக் காட்டவேண்டும் என்பதும் சரி. அதற்குக் கட்டின கிணற்றின் படமும் கடைப் பற்றுச்சீட்டும் போதும். அதுவும் காசு கொடுத்த ஆளுக்கு மட்டும் போனால் காணும்.

நீ வீடியோ போட்டவருக்கு எழுது: காசு தருகிறேன், முதலில் பிள்ளைகளின் முகத்தையும் அட்டையையும் வங்கிப் புத்தகத்தையும் எடுத்துவிடுங்கள் என்று. நாங்கள் இங்கிருந்து சொன்னால் எடுபடாது. காசு தருகிற நீங்கள் நாலைந்து பேர் சேர்ந்து சொன்னால் கேட்பார்கள். உன் சிநேகிதிகளிடமும் சொல்.

அவர்கள் ஒத்துக்கொள்ளாவிட்டால் அந்த ஊர் மாதர் சங்கத்து மூலம் கொடுக்கலாம். நாளைக்குத் தலைவியோடு கதைத்துவிட்டு உனக்குச் சொல்கிறேன். அதுவரைக்கும் அந்த வீடியோவை வேறொருவருக்கும் அனுப்பாதே.

அன்புடன்,
அம்மா