கோரையும் கரும்புத் தோகையும்

ஆசிரியர் அவர்களுக்கு,

பொங்கல் கரும்பு வெட்டி ஒரு கிழமைகூட ஆகவில்லை, ஒட்டுசுட்டானில் எங்கள் பக்கத்தில் மூன்று காணிகளில் தோகைக்கு நெருப்பு வைத்துவிட்டார்கள். மாசியில் இதே ஆட்கள் களைமருந்துக் கடை வாசலில் நின்று "கோரைக்கு என்ன இருக்கு?" என்று கேட்பார்கள்.

நானும் ஒரு காலத்தில் கொளுத்தியவள்தான். 2015இல் இலங்கையில் கிளைபோசேற் என்ற களைக்கொல்லியைத் தடை செய்தபோது என் அரை ஏக்கருக்கு மண்வெட்டிதான் மிஞ்சியது. கொத்தக் கொத்தக் கோரை கூடியது. ஒருநாள் குந்தியிருந்து கையால் கிளறிப் பார்த்தேன். ஒரு கிழங்கிலிருந்து நூல் மாதிரி ஓடி அடுத்த கிழங்கு, அதிலிருந்து இன்னொன்று. மண்வெட்டி பட்டு அறுந்தால் ஒவ்வொன்றும் தனித்தனியாக முளைக்கிறது. நானே நட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்!

அந்த முறைதான் தோகையைக் கொளுத்தாமல் வரிகளுக்கு இடையில் நாலு விரல் தடிப்பில் பரப்பினேன். கட்டையை மட்டும் மூடவில்லை, துளிர் வரவேண்டுமே. விதையிலிருந்து வரும் சின்னக் களைகள் வெளிச்சம் காணாமல் அடங்கிவிட்டன. ஈரமும் நின்றது. (பாம்புக்குப் பயந்து தடியால் தட்டித்தான் காலை வைப்பேன்.) கோரை மாத்திரம் ஊசி போலத் தோகையைக் குத்திக்கொண்டு வந்தது.

2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் தடையைத் தளர்த்தினார்கள். எங்கள் முறை 2022இல்தான் வந்தது. இப்போது தோகையும் உண்டு, மருந்தும் உண்டு. ஆனால் தோகைக்கு மேல் முழுக்க அடிப்பதில்லை. களை முளைக்க முன் அடிக்கும் மருந்து மண்ணில் விழவேண்டியது, தோகையில் விழுந்தால் காசுதான் நட்டம். கோரை நாலைந்து இலை விட்டுப் பச்சையாக நிற்கும்போது, காற்றில்லாத காலையில், அது நிற்கிற இடத்தில் மட்டும் கிளைபோசேற் அடிக்கிறேன். இலை குடித்தால்தான் கிழங்குக்கு இறங்கும். கரும்பில் பட்டால் கரும்பும் கருகும் என்பதால் தெளிகருவியின் முனைக்குப் பழைய பிளாஸ்ரிக் வாளியொன்றைக் கவிழ்த்துக் கட்டியிருக்கிறேன். ஒருமுறையில் ஒழியாது, உறங்கின கிழங்கு பிறகும் வரும்.

முதல் வருடம் அடித்தும் கோரை வாடவில்லை. "எந்தத் தண்ணியிலும் கலக்கலாம்" என்று சொல்லித்தான் கடையில் தந்தார்கள். எங்கள் கிணற்றுத் தண்ணி கேத்தலில் வெள்ளையாகப் படியும். அந்தச் சுண்ணாம்பு மருந்தைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. வாய்க்கால் கலங்கலும் அப்படித்தான், மண் பிடித்துவிடும். இப்போது மழைத் தண்ணியைப் பீப்பாவில் பிடித்து வைத்துத்தான் கலக்கிறேன்.

போத்தலில் ஒட்டியிருக்கும் தமிழ் எழுத்து என் மூக்குக் கண்ணாடிக்கும் எட்டாது. விற்கிறவர்கள் இந்தத் தண்ணி விஷயத்தையாவது வாயால் சொல்லட்டும். விவசாயப் போதனாசிரியர்களும் அடுத்த கரும்பு வெட்டுக்கு முன் ஒரு காணியில் வந்து செய்து காட்டலாம். என் காணிக்கே வரட்டும்.

இப்படிக்கு,
ஒரு கரும்புக்காரி,
ஒட்டுசுட்டான்.