உன் கட்சிக்கு ஒரு ஆள் சேர்ந்திருக்கிறது

அன்புள்ள பரமு,

கண் ஆபரேஷன் முடிந்து நீ வீடு திரும்பிய சேதியை ஐசக் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். உடனே எழுதியிருக்க வேண்டும், எழுதவில்லை. மதினி என்னைத் திட்டியிருப்பார்கள், திட்டட்டும். இங்கே எல்லோரும் சுகம். உன் தங்கச்சிக்கு முழங்கால் வலி வழக்கம்போல. நம்ம சோடா இருக்கிறானே, அவன் வீட்டை விற்றுவிட்டு மகனோடு போய்விட்டான். மாலையில் சீட்டுப் போட ஆளில்லை.

போனில் சொல்லாமல் கடிதமாக எழுதக் காரணம் இருக்கிறது. போனில் இந்தப் பேச்சை எடுத்தால் பாதியிலேயே “அதெல்லாம் கிடையாதுலே” என்று நீ கத்த ஆரம்பித்துவிடுவாய். ஹாஸ்டல் மெஸ்ஸில் சோறு ஆறிப்போகிற வரைக்கும் கத்தினாயே, அதே விஷயம்தான். புள்ளி ஒன்பது ஒன்பது ஒன்பது என்று ஓயாமல் போகிற எண் ஒன்றா, ஒன்றுக்குக் கொஞ்சம் குறைச்சலா? குறைச்சல் என்பது உன் கட்சி. கட்டபொம்மன் என்று நாம் பட்டப்பெயர் வைத்தவன் மேசைமேல் ஏறியதும் வார்டன் வந்து நின்றதும் உனக்கு மறந்திருக்காது.

உன் கட்சிக்கு என் வீட்டிலிருந்தே ஒருத்தி புறப்பட்டிருக்கிறாள். மூத்தவளின் மகள்தான், ஒன்பதாம் வகுப்பு. என்சிஇஆர்டி கணக்குப் புத்தகத்தில் வருஷக்கணக்காக ஒரு கேள்வி உண்டு. 0.99999… ஐப் பின்னமாக எழுதச் சொல்லிவிட்டு, விடை உனக்கு ஆச்சரியமாக இருக்கிறதா என்றும் கேட்பார்கள். பரீட்சையில் அதே கேள்வி வந்திருக்கிறது. இவள் பின்னத்தை ஒழுங்காக எழுதி 1 என்று விடையும் போட்டுவிட்டு, கீழே, “ஆச்சரியமாக இருக்கிறது. நம்பவும் முடியவில்லை” என்று எழுதியிருக்கிறாள். அதற்கு மார்க் குறைத்துவிட்டார்கள். கேள்வியில் கேட்டதைத்தானே பிள்ளை எழுதியிருக்கிறது! அம்மாக்காரி மார்க்குக்காக அழுகிறாள். எனக்குக் கவலை வேறு. அதைப் பிறகு சொல்கிறேன்.

விடுமுறைக்கு வந்தவளை உட்கார வைத்து, நமக்குச் சொல்லித்தந்த வழியையே நானும் எடுத்தேன். அந்த எண்ணுக்கு ‘அ’ என்று பெயர். பத்தால் பெருக்கினால் 9.999…. அதிலிருந்து ‘அ’வைக் கழித்தால் 9. ஆக ஒன்பது ‘அ’ என்பது 9, ‘அ’ என்பது 1. பேசாமல் பேப்பரை இழுத்துக்கொண்டாள். 0.999 என்று மூன்று ஒன்பதோடு நிறுத்தி அதே வித்தையைச் செய்தாள். பத்தால் பெருக்கினால் 9.99, கழித்தால் 8.991, ஒன்பதால் வகுத்தால் பழையபடி 0.999. “பாருங்க தாத்தா, போட்டதுதான் திரும்ப வருது. ஆறு ஒன்பது போட்டாலும் 8.999991தான். முடிவில்லாமப் போட்டா மட்டும் அந்தக் கடைசி 1 எங்க போச்சு?”

சரி, 1/3 என்பது 0.333…, மூன்றால் பெருக்கு என்றேன். “0.333… முழுசா 1/3ன்னு மட்டும் யார் சொன்னது? அதுவும் கொஞ்சம் கம்மிதான்” என்றாள். இந்த இடத்தில்தான் உன்னை நினைத்துக்கொண்டேன். நீ மெஸ்ஸில் 0.333… ஐ ஒத்துக்கொண்டு 0.999… ஐ மறுத்தாய். அதனால்தான் கட்டபொம்மனிடம் மாட்டினாய். இவள் இரண்டையும் சேர்த்து மறுக்கிறாள். உன்னைவிட நல்ல வக்கீல்.

யோசித்துப் பார்த்தால் அவள் பக்கம் நியாயம் இருக்கிறது, பரமு. முடிவில்லாத தசமத்தைப் பெருக்கலாம், கழிக்கலாம் என்று யாரிடம் அனுமதி வாங்கினோம்? அது ஒரு எண்தானா என்பதே முதலில் தீரவில்லை. கணித மேதை ஆய்லரே 1770இல் ஜெர்மனில் வந்த தன் அல்ஜீப்ரா புத்தகத்தில் இந்தப் பத்துமடங்கு வித்தையைக் காட்டி 9.999… என்பது 10 என்று எழுதிவிட்டுப் போய்விட்டார். அவர் காலத்தில் அதற்குமேல் கேட்பாரில்லை. பார்வை போனபின் சொல்லச் சொல்ல இன்னொருவர் எழுதிய புத்தகம் அது. அதற்கடுத்த வருஷம் அவருக்கும் உன்னைப் போலக் கண்புரை ஆபரேஷன் நடந்து பார்வை திரும்பியது, கொஞ்ச நாளில் சீழ் வைத்து மறுபடி போயிற்று. ஆகவே சொட்டு மருந்தை மதினி சொல்லுகிற நேரத்துக்கு விட்டுக்கொள். இது கணக்கு இல்லை, உத்தரவு.

ஆய்லருக்கு 200 வருஷத்துக்கும் முன்னால், நமக்கு மலைக்கு அந்தப் பக்கம், கேரளத்துத் திருக்கண்டியூரில் இருந்த கணிதர் நீலகண்ட சோமயாஜி இதில் இன்னும் கறாராக இருந்திருக்கிறார். ஆரியபடீயத்துக்கு எழுதிய உரையில் அவர் எடுத்துக்கொண்டது கால், காலில் கால், அதிலும் கால் என்று முடிவில்லாமல் கூட்டுவது. கூட்டினால் 1/3 வரும். வரும் என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடாமல் இரண்டு கேள்வி கேட்கிறார்: இந்தக் கூட்டுத்தொகை அதற்குமேல் போகாது என்று எப்படித் தெரியும்? அந்த அளவு வரை வந்தே தீரும் என்று எப்படித் தெரியும்? நம் ஆள் ஒருத்தருக்கும் இரண்டாவது கேள்வி தோன்றவில்லை, கவனித்தாயா. அவர் கணக்கு எளிது. ஒவ்வொரு படியிலும் 1/3க்கு எவ்வளவு குறைகிறது என்று எழுதிப் பார்த்தால், கடைசியாகக் கூட்டியதில் மூன்றில் ஒரு பங்கு. முதலில் 1/12, அப்புறம் 1/48. குறை நாலில் ஒன்றாகத் தேய்ந்துகொண்டே போகிறது, ஒரு படியிலும் எல்லையைத் தாண்டுவதில்லை. எல்லாவற்றையும் மூன்றால் பெருக்கிக்கொள்: முக்கால், முக்காலில் கால், அதிலும் கால், இப்படியே கூட்டினால் 1. பத்துக்குப் பதில் நாலை வைத்து எழுதிய 0.999… அது.

பேத்திக்கு இது பிடித்தது. ஆனால் அவள் மசிந்தது வேறு இடத்தில். என் தாத்தா சொல்லிக்கொடுத்த முந்திரிக் கணக்கை விளையாட்டாக எடுத்தேன். ஒன்றில் 320இல் ஒரு பங்கு முந்திரி. முந்திரியில் 320இல் ஒரு பங்கு கீழ்முந்திரி. ஒரு வேலி நிலத்தை மூன்று பேருக்குப் பிரி என்றேன். மா, காணி, முந்திரி எதிலும் மூன்று அடங்காது, 320 மூன்றால் வகுபடாதே. ஆளுக்கு 106 முந்திரி போக 2 மிச்சம். அதை 640 கீழ்முந்திரியாக்கி ஆளுக்கு 213 கொடுத்தால் 1 மிச்சம். அதற்கும் கீழே போனால் மறுபடி 106, மறுபடி 213. ஓயவே ஓயாது. இப்போது மூன்று பங்கையும் திரும்பச் சேர் என்றேன். 318 முந்திரி, 639 கீழ்முந்திரி. 639இல் 320 ஒரு முந்திரியாக மேலே ஏறியது போக, 319 முந்திரி, 319 கீழ்முந்திரி. பத்துக்கு 9 எப்படியோ, 320க்கு 319 அப்படி. எழுதிவிட்டுக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். “அடுத்த படியும், அதுக்கு அடுத்ததும் 319தானா?” என்றாள். ஆமாம். “அப்போ நிலம் எங்கயும் போகலையே தாத்தா. நாம எழுதுன எழுத்துதான் முடியமாட்டேங்குது.”

உன் முகம் இப்போது எப்படிப் போகும் என்று தெரியும். “குறை எவ்வளவு சின்னதானாலும் குறைதானே” என்பாய். இவளும் சொன்னாள். எவ்வளவு என்று சொல்லு என்றேன். கோடியில் ஒன்று என்றாள். எட்டு ஒன்பது போட்டால் ஒன்றுக்குக் குறைவது அதையும்விடச் சின்னதாகிவிடும், பாக்கி ஒன்பதுகள் இன்னும் வரிசையில் நிற்கின்றன. எந்த அளவைச் சொன்னாலும் இதே கதி. புள்ளிக்குப் பின் முடிவில்லாத சுழி, கடைசியில் ஒரு 1 என்றாள், நீ சொன்னது போலவே. முடிவே இல்லாததற்குக் கடைசி ஏது என்று கேட்டதும் அவளே சிரித்துவிட்டாள். நீ அன்றைக்குச் சிரிக்கவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போனாய்.

சூரிச்சில் இருந்த கணிதர் டெடெகிண்டுக்கும் இதே சங்கடம். கால்குலஸ் பாடம் நடத்தும்போது அடித்தளமே இல்லாமல் நடத்துகிறோமே என்று மனசு உறுத்தி, 1858 நவம்பர் 24 அன்று ஒரு வழி கண்டார். அச்சில் வந்தது 1872இல். அவர் வழியை நம் விஷயத்துக்குக் கொண்டுவந்தால் இப்படி: ஒரு எண்ணைத் தெரிந்துகொள்ள அதற்குக் கீழே என்னென்ன பின்னங்கள் இருக்கின்றன என்று பார். ஒன்றுக்குக் கீழே இருக்கிற ஏதோ ஒரு பின்னத்தை எடு. அதன் பகுதி ஆயிரம் என்றால் அது ஒன்றுக்கு ஆயிரத்தில் ஒன்றாவது குறைந்திருக்கும். நாலு ஒன்பது போட்டால் அதைத் தாண்டிவிடலாம். பகுதி எவ்வளவு பெரியதானாலும் அதற்கேற்ற ஒன்பதுகள் உண்டு. ஆக 1க்குக் கீழே இருக்கிற அத்தனை பின்னமும் 0.999…க்கும் கீழே. இரண்டுக்கும் நடுவே வைக்க ஒரு பின்னம்கூட மிச்சமில்லை. பிறகு எதை வைத்து இரண்டு எண் என்பாய்?

உனக்கும் ஒரு ஆறுதல் வைத்திருக்கிறேன். 1960களில் ஆபிரகாம் ராபின்சன் என்பவர் நீ கேட்கிற அந்த அதிசின்னக் குறைகளுக்கு ஒழுங்கான ஒரு எண் உலகத்தையே கட்டிக் கொடுத்தார். அங்கே முடிவிலிக்கு அப்பால் ஒரு இடத்தில் ஒன்பதுகளை நிறுத்தினால் ஒன்றுக்கு இம்மியிலும் இம்மியாய்க் குறையும். நிறுத்தாமல் எல்லா இடத்தையும் நிரப்பிவிட்டால் அங்கேயும் 1தான். பாதிக்குப் பாதி நீ ஜெயித்ததாக வைத்துக்கொள்.

இப்போது கவலைக்கு வருகிறேன். பேப்பர் திருத்திக் கொடுத்த நாளிலிருந்து இந்தப் பிள்ளை கணக்கு வகுப்பில் வாய் திறப்பதில்லையாம். நோட்டில் எல்லாம் சுத்தமாக இருக்கிறது, வழிமுறையைப் பார்த்து அப்படியே எழுதிக்கொண்டு வருகிறாள், மார்க்கும் ஏறிவிட்டது. அம்மாக்காரிக்குச் சந்தோஷம். எனக்குப் பயமாக இருக்கிறது. 1978இல் இங்கிலாந்தில் டேவிட் டாலும் ஷ்வார்ட்சன்பெர்கரும், கணிதம் படிக்கப் பல்கலைக்கழகத்துக்கு வந்த முதல் வருஷப் பிள்ளைகளிடம் இதே கேள்வியைக் கேட்டார்கள். பெரும்பாலோர் ‘குறைச்சல்’ என்றார்கள். கணக்கையே எடுத்துப் படிக்க வந்தவர்கள்! அதை மகளிடம் சொன்னால், “அப்பா, அவளைக் கெடுக்காதீங்க” என்கிறாள். பத்து முடித்ததும் காமர்ஸில் போடப் போவதாகப் பேச்சு. காமர்ஸ் படிக்கட்டும், நானும் அந்த வழியில் பேங்குக்குப் போய்ச் சோறு தின்றவன்தான். ஆனால் நம்பவில்லை என்று எழுதினால் அடி விழும் என்று பதினாலு வயதில் கற்றுக்கொண்டுவிட்டாளே, அதை எப்படி அழிப்பது? என்னிடம் மட்டும் பேசுகிறாள். நான் தாத்தா, அது கணக்கில் சேராது.

நீ அவளுக்கு ஒரு கடிதம் எழுது. பிசிக்ஸ் வாத்தியாராக அல்ல, மெஸ்ஸில் கத்தினவனாக எழுது. எதிர்க்கட்சித் தலைவர் என்று உன்னைப் பற்றிச் சொல்லி வைத்திருக்கிறேன். அவளை ஒத்துக்கொள்ளச் செய்ய வேண்டாம், சண்டை போடு. அவள் பதில் எழுதுவாள், கை சும்மா இருக்காது. விலாசம் அவள் வீட்டுக்கு வேண்டாம், என் வீட்டுக்கே அனுப்பு.

ஐப்பசியில் ஐசக் மகன் கல்யாணம். கண்ணாடி மாற்றிவிட்டால் மதினியோடு நீயும் வந்துவிடு. டிக்கெட்டை இப்போதே போடு, தீபாவளி நெருக்கத்தில் கிடைக்காது.

உன்
கணபதி

பி.கு.: 0.5க்கும் 0.4999… என்று இன்னொரு பெயர் இருப்பதை அவளே கண்டுபிடித்துவிட்டாள். 1/3ஐ எப்படித் திருப்பி எழுதினாலும் 0.333…தான், இரண்டாவது பெயர் வரவில்லையாம். எந்தெந்த எண்ணுக்கு இரண்டு பெயர், எதற்கு ஒன்றே ஒன்று என்று கேட்கிறாள். எனக்கு விடை தெரியும். நீ சொல்வாய் என்று சொல்லிவிட்டேன்.