வாடைக் குளிரும் ஓய்வூதியமும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வாடைக்காற்று தொடங்கினால் திருகோணமலையில் முதியவர்களுக்குக் குளிரைவிட ஈரமே பகை. சீமெந்துத் தரையில் பாய் மட்டும் விரித்தால் உடற்சூடு தரைக்கு இறங்கிவிடும். பாய்க்குக் கீழே அட்டைப்பெட்டியைப் பிரித்து இரண்டு மடிப்பாகவும், அதன்மேல் ஒரு சாக்கும் போடுங்கள்; காலையில் தூக்கிக் காற்றாட விடாவிட்டால் அடியில் பூஞ்சணம் பிடிக்கும். வடகிழக்குப் பக்கக் கதவின் கீழ் இடைவெளியைப் பழைய சாரத்தைச் சுருட்டி அடையுங்கள். எதிர்ப்பக்க யன்னலைத் திறந்தே வையுங்கள்.

ஓய்வூதியத்தில்தான் மின்கட்டணமும் கட்டவேண்டும். குளிக்க 3,500 வோட் ஹீட்டர் பத்து நிமிடம் ஓடினால் அரை அலகு மின்சாரத்துக்கு மேல் போகும். கேத்தலில் இரண்டு லீற்றர் கொதிக்க வைக்க ஏறத்தாழ 0.2 அலகுதான். வாளியில் முதலில் எட்டு லீற்றர் பச்சைத்தண்ணீர், பிறகு கொதிநீர்; 40 பாகை இளஞ்சூடு கிடைக்கும்.

சுடுதண்ணீர்ப் பையில் கொதிநீர் ஊற்றக்கூடாது. மூன்றில் இரண்டு பங்கு நிரப்பி, காற்றை வெளியேற்றி மூடி, துணி சுற்றிப் போர்வைக்குள் வைத்து, படுக்குமுன் எடுத்துவிடுங்கள். நீரிழிவால் கால் மரத்தவர்களுக்குச் சுட்டாலும் தெரியாது.

கெஞ்சிக் கேட்பது ஒன்று: பூட்டிய அறைக்குள் சிரட்டைக்கரிச் சட்டி வைக்காதீர்கள், துணி காயவைக்கவும்கூட. கரியிலிருந்து வரும் காபனோரொட்சைட்டு என்ற நச்சு வாயுவுக்கு மணமில்லை. புகை தெரியாமலே, நித்திரையிலேயே உயிரைப் பறித்துவிடும்.

ஓய்வூதியர் ஒருவர்,
திருகோணமலை.