தாது வருஷத்துத் தூசி

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். சுங்கை சிப்புட்டில் மூன்று நாளாக விடாத மழை. அம்மா நலம். உன் அறைக் கூரைக்குப் புதுத் தகரம் போட்டாயிற்று.

நீ போனில் சொன்னது இன்னும் மனதை விட்டுப் போகவில்லை. இமயமலையில் டாசுவோப்பு பனியாறு, 7,200 மீட்டர் உயரம், 1997-இல் துளைத்து எடுத்த பனித்தண்டு, வருஷா வருஷம் விழுந்த பனி அடுக்கடுக்காக இருக்கும் நீளமான தண்டு. பருவக்காற்று பொய்த்த வருஷங்களின் அடுக்கில் தூசியும் உப்பும் ஏறிக் கிடக்கும் என்றாய். ஆயிரம் வருஷத்தில் கொடிய வறட்சி 1790 முதல் 1796 வரை என்றாய். 1876, 77-உம் அதில் தெரிகிறது என்றதும் எனக்குப் பேச்சே வரவில்லை.

அதுதானம்மா தாது வருஷம், அந்தப் பெரும் பஞ்ச காலம். என் அப்பாயியைப் பெற்றவள் சேலத்துப் பக்கம் புளியங்கொட்டையை இடித்துத் தின்று உயிர் பிழைத்தவள். அந்தப் பஞ்சத்தில் பட்ட கடன் தீராமல்தான் பின்னால் நம் குடும்பம் மலாயாவுக்குக் கப்பல் ஏறியது. அங்கே மழை இல்லாமல் செத்தோம். இங்கே ரப்பர் தோட்டத்துக்கு வந்தபின் மழை பெய்தால் பால் வெட்டும் இல்லை, சம்பளமும் இல்லை. அப்பாயி சொன்னதை நான் பாதி கதையென்றே நினைத்திருந்தேன். அவர் இருக்கும்போது நம்பியிருக்க வேண்டும்.

தண்ணீரில் கனமான ஆக்சிஜன், லேசான ஆக்சிஜன் என்று இரண்டு உண்டு என்றாயே, நான் புரிந்துகொண்டது இது: கடலிலிருந்து மலை ஏறும் மேகம் கனமானதை வழியிலேயே முதலில் இறக்கிவிடும். கடைசியில் பனியாக விழுந்ததை அளந்தால், அந்த ஈரம் எப்படி வந்து சேர்ந்தது என்று தெரியும். சரிதானே? நான் இருபத்தெட்டு வருஷம் பால் வெட்டியவன். ஒரு வெட்டுக்குப் பட்டையில் ஒரு மில்லிமீட்டரும் கொஞ்சமும்தான் சீவுவோம். சீவிய பட்டையைப் பார்த்தே எத்தனை மாத வெட்டு, எங்கே உளி ஆழமாக இறங்கி மரம் காயப்பட்டது என்று சொல்லிவிடுவேன். பனியை நீ படிப்பதும் அப்படித்தான் என்று அம்மாவிடம் சொன்னேன்.

ஆனால் நைமோனானி பனியாறு? 2006-இல் எடுத்த தண்டில் 1950, 60-களின் அணுகுண்டுச் சோதனைகளால் பனியில் படிந்திருக்க வேண்டிய தடயமே இல்லை, மேலடுக்குகள் உருகிப் போய்விட்டன என்றாய். அன்றிரவு எனக்குத் தூக்கமில்லை. நான் பிறந்த வருஷமும் அதில் போயிருக்கும்.

அடுத்த மாதம் நீ மலை ஏறுவதில் அம்மாவுக்கு இஷ்டமில்லை. பனி கரைவதற்குள் எடுத்தாக வேண்டும், போகட்டும் என்றேன். உயரத்தில் அவசரப்படாதே. தலை வலித்தால் உடனே கீழே இறங்கிவிடு.

திரும்பி வந்ததும் 1876-ஆம் வருஷ அடுக்கு எவ்வளவு தடிமன் என்று கேட்டு எழுது. அப்பாயி படத்துக்குக் கீழே குறித்து வைக்க வேண்டும்.

அன்புடன்,
அப்பா